கார் கோணலாக நிற்கிறதா? ரிங்கைத் திருகும் முன் பார்க்க வேண்டியவை

செங்கோட்டையில் கிளம்பி, புளியரை தாண்டி, எஸ் வளைவில் ஏறி, மாநில எல்லையான கோட்டைவாசல் வழியாகக் கேரளத்து ஆரியங்காவில் இறங்கிப் பாருங்கள். காரின் உயரத்தில் கோளாறு இருந்தால் தென்மலை போய்ச் சேர்வதற்குள் தெரிந்துவிடும். வளைவில் டயர் மட்கார்டில் உரசும். கல் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரிக்கு வழிவிட ஓரம் ஒதுங்கினால் அடிப்பக்கம் தார் விளிம்பில் இடிக்கும். இறக்கத்தில் பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

என் மைத்துனர் செங்கோட்டையில் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அங்கே ஸ்பானர் பிடிப்பேன். மலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தும் இந்தப் பக்கத்தில் இருந்தும் காயிலோவர் மாட்டிய கார்கள் வருகின்றன. பெரும்பாலும் மாட்டியவர் ஒருவர், திருகியவர் இன்னொருவர், தலைவலி மூன்றாமவருக்கு.

தெரியாதவர்களுக்கு: காயிலோவர் என்பது உடம்பிலேயே மரை வெட்டிய ஷாக் அப்சார்பர். அந்த மரையில் ஓடும் ரிங்கின் மேல் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். ரிங்கை மேலே ஏற்றினால் கார் ஏறும், கீழே இறக்கினால் இறங்கும். ஒரு சுற்றுக்கு 1.5 அல்லது 2 மில்லிமீட்டர். இது ஒன்றும் புதுமை இல்லை. அம்பாசடருக்கு முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கே கிடையாது, டார்ஷன் பார்தான். அதன் முறுக்கை மாற்றித்தான் அந்தக் காலத்து மெக்கானிக்குகள் முன் உயரத்தைச் சரிசெய்தார்கள். அவர்களிடம் இருந்த பொறுமை மட்டும் இப்போது ரிங்கோடு சேர்த்து டப்பாவில் வருவதில்லை.

ஒரு மூலை மட்டும் படுத்திருக்கிறது

அதிகம் பேர் இந்தப் புகாரோடுதான் வருகிறார்கள். அதிகம் பேர் தப்பாகத் திருகுவதும் இதில்தான்.

போன மழைக்காலத்தில் ஆரியங்காவுப் பக்கம் இருந்து ஒரு பையன் வந்தான். கொல்லத்தில் வாங்கிய பழைய ஹேட்ச்பேக். முந்தைய உரிமையாளர் காயிலோவர் மாட்டியிருந்தார்.

"அண்ணாச்சி, முன்னால இடது பக்கம் மட்டும் 12 மில்லி தாழ்ந்து நிக்கு. எட்டுச் சுத்து ஏத்திட்டேன், இன்னும் பாதிதான் சரியாச்சு. இப்ப பின்னால வேற கோணிக்கிட்டு நிக்கு."

"ஏத்துறதுக்கு முன்னால பின்பக்கம் எப்படி இருந்துச்சு?"

"பின்னால ரெண்டு பக்கமும் சமமாத்தான் இருந்துச்சு."

கோளாறு எங்கே இல்லை என்பதை அந்தப் பதிலே சொல்லிவிட்டது. காரின் உடம்பு வளையாத பலகை மாதிரி. அது இடப்பக்கம் சாய்ந்தால் முன்னாலும் சாயும், பின்னாலும் சாயும். முன் இடது 12 மில்லிமீட்டர் தாழ்ந்து, பின்பக்கம் மட்டும் மட்டமாக நிற்கவே முடியாது. அப்படி அளவு வந்தால் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்காதீர்கள். தரை முறுக்கிக் கிடக்கலாம், ஒரு டயரில் காற்று குறைந்திருக்கலாம், இல்லையென்றால் நீங்கள் எந்த விளிம்பில் இருந்து அளந்தீர்களோ அந்த விளிம்பே பொய் சொல்லலாம். இவன் காரில் பொய் சொன்னது மட்கார்டு. எங்கோ இடித்து, டிங்கர் வேலை பார்த்து, பெயிண்ட் அடித்து மாட்டியிருந்தார்கள். போல்ட் தலைகளில் பெயிண்ட் உடைந்திருந்தது. ஜாக்கி வைக்கும் இடத்தில் இருந்து தரைக்கு அளந்தபோது, அவன் ஏற்றிய எட்டுச் சுற்றையும் திருப்பி இறக்கிய பிறகு, இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தன.

எட்டுச் சுற்றுக்கு 12 மில்லிமீட்டர் ஏறியிருக்க வேண்டுமே, ஏன் ஏறவில்லை? நாலு கால் கட்டிலில் ஒரு காலுக்கு அடியில் அட்டை வைப்பது மாதிரிதான் இது. நான்கு ஸ்பிரிங்கும் ஏறக்குறைய ஒரே விறைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் ரிங்கை 12 மில்லிமீட்டர் ஏற்றினால் அந்த மூலை 9 ஏறும். பக்கத்து மூலைகள் இரண்டும் தலா 3 ஏறும். எதிர்மூலை 3 இறங்கும். இதைப் பையனின் அளவோடு ஒப்பிடுங்கள்: முன்னால் 12 ஆக இருந்த வித்தியாசம் 6 ஆகக் குறைந்தது, பின்னால் இல்லாத வித்தியாசம் 6 புதிதாக முளைத்தது. அவன் சொன்ன அதே கணக்கு.

கண்ணுக்குத் தெரியாத கேடு ஒன்றும் இதில் இருக்கிறது. ஏற்றிய மூலையிலும் அதன் எதிர்மூலையிலும் எடை கூடும், மற்ற இரண்டிலும் குறையும். ஸ்பிரிங் விறைப்பு மில்லிமீட்டருக்கு 3 கிலோ என்றால், அவன் செய்த 12 மில்லிமீட்டருக்கு ஒவ்வொரு மூலையிலும் ஏறக்குறைய 9 கிலோ மாறியிருக்கும். 'சரியாகும் வரை திருகுவோம்' என்று 20 சுற்றுப் போயிருந்தால் 22 கிலோ. முன் சக்கரங்களில் ஒன்று கனத்து மற்றொன்று இலேசானால் ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோட்டைவாசல் இறக்கத்தில் வண்டி இழுக்கிறது என்று அவனே சொன்னான்.

ஆகவே ரிங்கைத் தொடுவதற்கு முன் அளவு. அதை இப்படி எடுக்கிறோம்.

முதலில் தரை. கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் போதும். நான்கு சக்கரம் நிற்கும் இடங்களிலும் மட்டம் பாருங்கள். தரை முழுவதும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தால் பெரிய தொல்லை இல்லை. ஒரு மூலை மட்டும் ஏறியோ இறங்கியோ இருந்தால்தான் தொல்லை. எங்கள் பட்டறைத் தரையில் ஒரு மூலை 7 மில்லிமீட்டர் பள்ளம். அங்கே ஒரு தரை ஓட்டுத் துண்டு நிரந்தரமாகக் கிடக்கிறது. அதை யாராவது குப்பை என்று எடுத்துப் போட்டால் மைத்துனருக்குக் கோபம் வரும்.

அப்புறம் டயர். நான்கிலும் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் சொன்ன காற்று. முன்னால் இரண்டும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் மொட்டை என்றால் அளவெடுத்துப் பயனில்லை. டிக்கியில் இருக்கும் சாமான்களை இறக்கிவிடுங்கள். டிரைவர் எடையோடு அளப்பதா, இல்லாமல் அளப்பதா என்று கேட்பார்கள். தனியாக ஓட்டுபவர் என்றால் டிரைவர் சீட்டில் 25 கிலோ அரிசிப் பை மூன்றை வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். வீட்டுக் கார் என்றால் காலி வண்டியாக அளந்தால் போதும் என்பது என் கருத்து.

ஸ்டெபிலைசர் பார் என்பது வளைவில் கார் அதிகம் சாயாமல் இருக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி. அதன் முனையில் இருக்கும் லிங்க் ராடு ஒன்றைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பார் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும், ரிங் செய்யும் வேலையின் ஒரு பகுதியை அது விழுங்கிவிடும். எல்லாம் முடிந்த பிறகு, கார் தரையில் நிற்கும்போது, அந்த லிங்க் தானாக ஓட்டையில் போய் உட்கார வேண்டும். நெம்பித்தான் மாட்ட முடிகிறது என்றால் இரண்டு பக்கமும் இன்னும் சமமாகவில்லை, அல்லது உயரம் மாறியதற்கு ஏற்ப லிங்கின் நீளம் மாறவில்லை.

கடைசியாக வண்டியை உருட்டுங்கள். ஜாக்கியில் இருந்து இறக்கியதும் அளப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தூக்கும்போது சக்கரங்கள் உள்வாங்கும். இறக்கும்போது அவை வெளியே விரிய வேண்டும், ஆனால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு விரிய விடாது. கார் 20, 30 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். மூன்று மீட்டர் முன்னே, மூன்று மீட்டர் பின்னே தள்ளி, முன்னும் பின்னும் இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டு அளங்கள். உருட்ட இடம் இல்லையா? உரச்சாக்குத் தாள் இரண்டைக் கொஞ்சம் எண்ணெய் தடவி ஒன்றின்மேல் ஒன்றாக டயருக்கு அடியில் போடுங்கள், வழுக்கி விரிந்துவிடும்.

அளப்பது சக்கரத்தின் நடுமையத்தில் இருந்து மட்கார்டு வளைவின் உச்சி வரை. மட்கார்டை நம்ப முடியாத காரில் ஜாக்கி பாயிண்டில் இருந்து தரைக்கு. எட்டு எண்ணையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: நான்கு உயரம், நான்கு ரிங்கின் மரை அளவு (மரையில் ரிங் எந்த உயரத்தில் நிற்கிறது என்பது).

சரி, அளந்தாயிற்று, முன்னாலும் பின்னாலும் இடப்பக்கம் 8 மில்லிமீட்டர் தாழ்வு. உண்மையிலேயே கார் சாய்ந்திருக்கிறது. ரிங்குகளின் மரை அளவைப் பாருங்கள். முன்னால் இரண்டும் ஒன்றாக, பின்னால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாக விலகியிருந்தால் அதுதான் ஆள், முதலில் அதை ஜோடிக்குச் சமமாகக் கொண்டுவாருங்கள். அது தாழ்ந்த மூலையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வலது பின் ரிங் தேவைக்கு மேல் ஏறியிருந்தாலும் இடது முன் தாழும். ரிங்குகள் எல்லாம் சமம், ஆனாலும் சாய்கிறது என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அடிச்சுற்று உடைந்தும் இருக்கலாம். முன் ஸ்பிரிங் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குற்றவாளி ஸ்பிரிங்.

எதுவும் அகப்படவில்லை, 8 மில்லிமீட்டரைச் சமன் செய்துதான் ஆக வேண்டும் என்றால் ஒரு மூலையில் செய்யாதீர்கள். இடப்பக்கம் முன்னும் பின்னும் தலா 4 ஏற்றி, வலப்பக்கம் முன்னும் பின்னும் தலா 4 இறக்குங்கள். சாய்வு போகும், மூலைகளின் எடை கலையாது. 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நான் தொடவே மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. சில கார்களில் பின் ஸ்பிரிங் தனியாக, சக்கரத்துக்கு முன்னால் தள்ளி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருக்கும். அங்கே ஸ்பிரிங் 10 மில்லிமீட்டர் ஏறினால் சக்கரத்தில் 13, 14 கூடத் தெரியும். முன்பக்கக் கணக்கைப் பின்பக்கம் போடாதீர்கள். நான்கு சுற்று ஏற்றி, எவ்வளவு மாறியது என்று அளந்துவிட்டு மேலே போங்கள்.

மாட்டிய அன்று உயரம், அடுத்த வாரம் பள்ளம்

புது ஸ்பிரிங் உட்கார்வதால் சில மில்லிமீட்டர் குறையும். அது இயல்பு. 15, 20 குறைந்தால் காரணம் புஷ், அதாவது ஆர்ம் காரோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளை.

லோயர் ஆர்மின் புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாது, ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கும். காரை ஸ்டாண்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், தொங்கும் நிலைதான் ரப்பருக்கு இயல்பு நிலை ஆகிவிடும். கீழே இறக்கியதும் நான்கு ரப்பர்களும் முறுக்கிக்கொண்டு காரைத் தூக்கிப் பிடிக்கும். அளவு நன்றாக வரும், நீங்களும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவீர்கள். அடுத்த சில நூறு கிலோமீட்டரில் ரப்பர் கிழியத் தொடங்கும், கார் உட்காரும்.

வழி சுலபம், சோம்பல்தான் தடை. நான்கு சக்கரத்தையும் தடித்த பலகை மேல் ஏற்றி நிறுத்துங்கள், அல்லது குழி இருந்தால் அதன் மேல். ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். வண்டியை அமுக்கி ஆட்டுங்கள். அப்படி நிற்கும்போதே கம்பெனி சொன்ன டார்க்கில் (இறுக்கும் விசையில்) இறுக்குங்கள். உயரத்தை 20 மில்லிமீட்டருக்கு மேல் மாற்றினால் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். இந்தக் காரணத்துக்காக வரும் கார்களில், முன்பு வேலை பார்த்தவர் இதைச் செய்திருந்ததை இதுவரை ஒன்றில்கூடப் பார்க்கவில்லை.

இறக்கியதும் கட்டை வண்டி மாதிரி குதிக்கிறது

'ஸ்பிரிங் விறைப்பாக இருக்கிறது, ப்ரீலோடைக் குறைத்துக் கொடுங்கள்' என்று கேட்பார்கள். ப்ரீலோடு என்றால் ரிங் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைத்திருக்கும் அளவு. இது பரவலான மூடநம்பிக்கை. எவ்வளவு அமுங்கினாலும் ஒரே விறைப்பாக இருக்கும் சாதாரண ஸ்பிரிங்கில் ரிங்கைத் திருகுவதால் விறைப்பு மாறாது. ஒரு மூலையில் 300 கிலோ உட்கார்ந்திருக்கிறது, விறைப்பு மில்லிமீட்டருக்கு 5 கிலோ என்றால், ரிங் எங்கே இருந்தாலும் அந்த ஸ்பிரிங் 60 மில்லிமீட்டர் அமுங்கித்தான் நிற்கும். மாறுவது உயரம் மட்டும்.

அப்படியானால் ஏன் குதிக்கிறது? ரிங்கால் காரை இறக்கும்போது ஷாக்கின் ராடு அதே அளவுக்கு உள்ளே போய்விடுகிறது. அமுங்குவதற்கு 70 மில்லிமீட்டர் மிச்சம் இருந்த இடத்தில் 40 இறக்கினால் 30தான் மீதி. ஒரு பள்ளத்திலேயே, ராடு முழுதாக உள்ளே போகாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும். குதிப்பது ஸ்பிரிங் அல்ல, அந்த ரப்பர்.

இதை நிரூபிக்கப் பணம் செலவில்லை. ராடில் ஒரு பிளாஸ்டிக் ஜிப் டையைக் கட்டி ஷாக்கின் சீல் வரை தள்ளிவிடுங்கள். கோட்டைவாசல் வரை போய்த் திரும்பி வாருங்கள். டை எங்கே நிற்கிறதோ அதுவரை ராடு உள்ளே போயிருக்கிறது. அது பம்ப் ஸ்டாப்பை ஒட்டி நசுங்கிக் கிடந்தால் பதில் கிடைத்துவிட்டது. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போவது முக்கியம். தனியாகப் போய்விட்டு வந்து 'இடிக்கவில்லையே' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

உங்கள் காயிலோவரில் அடிப்பக்கப் பிராக்கெட்டும் தனியாக மரையில் ஓடினால் அதிர்ஷ்டம். ஸ்பிரிங் ரிங்கை விட்டுவிட்டு, அடிப் பிராக்கெட்டைத் திருகி உயரத்தை மாற்றுங்கள். ஷாக்கின் பயண தூரம் அப்படியே இருக்கும். ஆனால் ஏற்றும்போது கவனம்: பிராக்கெட்டுக்குள் ஷாக்கின் மரை எவ்வளவு நுழைந்திருக்க வேண்டும் என்று செய்தவர்கள் ஒரு குறைந்தபட்ச அளவு சொல்லியிருப்பார்கள். அதற்குக் கீழே போனால் மரை பிய்ந்து சக்கரம் வீட்டுக்கு வராது. அந்தத் தனி மரை இல்லாதவர்கள் காரைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்வதுதான் வழி.

திருப்பினால் 'டொய்ங்', பள்ளத்தில் 'டக்'

ஸ்டியரிங்கை நின்ற இடத்தில் திருப்பும்போது 'டொய்ங்' என்றால் ஸ்பிரிங் சுழல முடியாமல் முறுக்கிப் பிறகு விடுபடுகிறது. ஷாக்கின் தலையைக் காரோடு பூட்டும் மேல்மவுண்டில் இருக்கும் பேரிங் இறுகியிருக்கும், அல்லது மாட்டும்போது விட்டுப்போயிருக்கும். ஸ்பிரிங்கின் முனை அதற்குரிய நிறுத்தத்தில் உட்காராவிட்டாலும் இதே சத்தம்தான்.

பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது 'டக்' என்றால், காரைத் தூக்கி ஸ்பிரிங்கைக் கையால் அசையுங்கள். ஆடினால், ரிங் அவ்வளவு கீழே போய்விட்டதால் ஸ்பிரிங்குக்குப் பிடிப்பே இல்லை. இது சத்தத்தோடு முடியாது, ஒருநாள் ஸ்பிரிங் இடம் மாறி உட்கார்ந்துவிடும். ஆடாமல் இருக்கும் வரை ரிங்கை ஏற்றுங்கள், அல்லது அதற்கென்று வரும் சின்ன ஹெல்பர் ஸ்பிரிங்கைப் போடுங்கள். ஸ்பிரிங் ஆடவில்லை, ஆனாலும் 'டக்' என்றால் லிங்க் ராடு. பத்தில் பாதி அதுதான்.

ரிங் அசையவே மாட்டேன் என்கிறது

ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் எங்களுக்குச் சந்தோஷம், காயிலோவருக்குச் சனி. மூன்று மாதம் ஈரம், சாலை மண், அதற்கு மேல் கொல்லத்துக் கடற்காற்றில் நின்ற வண்டியாக இருந்தால் உப்பு வேறு. இரும்பு உடம்பில் அலுமினிய ரிங் என்றால் இரண்டும் வெள்ளைப் பொடி பூத்து ஒட்டிக்கொள்ளும்.

உளியும் சுத்தியலும் எடுக்காதீர்கள். ரிங்கின் பல் உடைந்தால் அப்புறம் எந்த ஸ்பானரும் பிடிக்காது. காரைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்துச் சக்கரத்தைத் தொங்கவிடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கை விடவே கூடாது. பித்தளை பிரஷ்ஷால் மரையைத் தேய்த்துத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் டபிள்யூடி-40 மாதிரி ஊடுருவும் எண்ணெய் அடித்து ராத்திரி முழுவதும் விடுங்கள். மறுநாள், உயர ரிங் நகராமல் பிடித்திருக்கும் பூட்டு ரிங்கை முதலில் தளர்த்துங்கள். சிலவற்றில் பூட்டு ரிங்குக்குப் பதில் சின்ன ஆலன் கீ ஸ்குரூ இருக்கும். அதைக் கவனிக்காமல் ரிங்கோடு மல்லுக்கட்டி மரையைக் கெடுத்தவர்களில் நானும் ஒருவன். ஏற்றுவதாக இருந்தாலும் முதலில் அரைச் சுற்று இறக்கி, பிறகு ஏற்றுங்கள். அடைந்திருக்கும் மண் விலகிக்கொடுக்கும்.

முடிந்ததும் மரையில் காப்பர் கிரீஸ். சாதா கிரீஸ் மண்ணை இழுத்துப் பிடிக்கும்.

டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறது

உயரத்தை மாற்றினால் கேம்பரும் (முன்னால் இருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது) மாறும். இறக்கினால் பொதுவாகச் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாயும். ஆனால் டயரை வேகமாகத் தின்பது கேம்பரைவிட டோதான். ஸ்டியரிங் ராடுகள் மட்டத்தில் இருந்து விலகிச் சாய்வதால் சக்கரங்கள் ஒன்றையொன்று பார்க்கவோ விலகவோ தொடங்கும். ஆகவே உயரத்தை முடிவு செய்து, நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டி, புஷ் இறுக்கிய பிறகு அலைன்மென்ட். முதலில் அலைன்மென்ட், பிறகு உயரம் என்று செய்பவர்கள் இரண்டு முறை காசு கொடுப்பார்கள்.

வேகத்தடையில் அடி உரசுகிறது

ஊரைத் திட்டும் முன் ஒரு கணக்கு. சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரம். அச்சுகளுக்கு இடையே 2.4 மீட்டர் உள்ள காரின் நடுவயிற்றில் அந்த மேடு எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 42 மில்லிமீட்டர்தான். ஒழுங்காகக் கட்டிய வேகத்தடையில் கொஞ்சம் இறக்கிய காரும் போகும். நம்மைக் கொல்வது ஊர்க்காரர்களே தார் கொட்டி எழுப்பும் ஒற்றையடி மேடு. அதன் முழு உயரமும் வயிற்றுக்கு அடியில் வரும். 170 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள காரை 40 இறக்கி, ஐந்து பேர் ஏறி இன்னும் 40 அமுங்கினால் மிஞ்சுவது 90. என் ஆலோசனை, தொழிற்சாலை உயரத்தில் இருந்து 20, 25க்கு மேல் இறக்க வேண்டாம். அழகு போதவில்லை என்றால் சக்கரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏற்றிய பிறகு புதிய தொல்லைகள்

ரப்பர் எஸ்டேட் பாதைகளுக்காக ஏற்றிக்கொள்பவர்களும் உண்டு. ஏற்றியதும் சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு கடைசிக்கும் திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடக்கூடாது. சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் கோணம் கூடுவதால் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும்.

பிக்கப், ஜீப் வகைகளில் சிலவற்றில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு கம்பி போகும். பாரத்துக்கு ஏற்றபடி பின் பிரேக் விசையைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது. பின்பக்கத்தை ஏற்றினால் 'வண்டி காலி' என்று அது நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பாரத்தோடு மலை இறங்கும் வண்டிக்கு இது விளையாட்டு இல்லை. கம்பியின் அமைப்பைப் புது உயரத்துக்கு ஏற்ப மாற்றாமல் வண்டியைக் கொடுக்கக்கூடாது.

எல்லை தாண்டியதும் கை காட்டி நிறுத்துகிறார்கள்

மாற்றம் செய்த வண்டிகள் விஷயத்தில் கேரளப் பக்கம் கண்டிப்பு அதிகம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. கேரளத்தில் கிளம்பிய ஒரு வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தது: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. வாங்குவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு பட்டறைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை.

எதிரே வருபவர்கள் எல்லாம் லைட் அடிக்கிறார்கள்

பின்பக்கம் 20 மில்லிமீட்டர் இறங்கினால் 30 மீட்டர் தூரத்தில் உங்கள் ஹெட்லைட் வெளிச்சம் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் மேலே ஏறியிருக்கும். எஸ் வளைவில் ஏறும்போது எதிரே இறங்கும் டிரைவரின் கண்ணுக்கு நேராக. உயரத்தைத் தொடுவதற்கு முந்தைய நாள் ராத்திரியே காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, வெளிச்சத்தின் மேல்விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், டயர் நின்ற இடத்தையும் குறித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில் நிறுத்தி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்குரூவைத் திருப்பி அந்தக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். கோடு போட மறந்துவிட்டீர்களா? அதே மாடலில் கை வைக்காத கார் ஒன்று பக்கத்துத் தெருவில் நின்றால், அதைக் கொண்டுவந்து நிறுத்திக் கோடு போட்டுக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.